எழுதியாயிற்று என்றால் எங்கே எழுதியாயிற்று? பஃபர் பற்றி ஓர் எளிய விளக்கம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். பர்லியார் தாண்டி ஏதோ ஒரு வளைவில் சிக்னல் போய்விடும். ஆனால் படம் உடனே நிற்காது, இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அதற்குள் சிக்னல் திரும்பி வராவிட்டால்தான் நடுவில் வட்டம் சுழல ஆரம்பிக்கும். அப்போது நாம் "பஃபர் ஆகுது" என்று அலுத்துக்கொள்கிறோம். உண்மையில் வட்டம் சுழல்வது பஃபரில் இருந்த சரக்கு தீர்ந்துபோனதால். சிக்னலே இல்லாமல் படம் ஓடியதே, அந்தச் சில விநாடிகள்தான் பஃபர் நமக்காக உழைத்த நேரம்.

கணினி நிரல் (புரோகிராம்) எழுதப் பழகுகிறவர்களிடமும் இதே குழப்பம் வேறு உருவத்தில் இருக்கிறது. "பஃபர் என்றால் தற்காலிக நினைவகம்" என்று ஒரு வரியில் படித்து, தேர்வில் எழுதி, இரண்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். பதில் தப்பில்லை. ஆனால் நிரல் எழுத உட்கார்ந்ததும் வருகிற கேள்விகளுக்கு அந்த ஒரு வரி உதவுவதில்லை. பிரிண்ட் கொடுத்த வரி ஏன் திரையில் வரவில்லை? எழுதிய ஃபைல் ஏன் காலியாக இருக்கிறது? நிரல் இரண்டாவதாகக் கேட்கும் கேள்விக்கு நான் எதுவும் தட்டச்சு செய்யும் முன்பே அது ஏன் தாண்டிப் போகிறது? மூன்றும் பஃபர் சம்பந்தப்பட்டவைதான். பஃபர் எப்படி நிரம்புகிறது, எப்போது காலியாகிறது என்பது புரிந்தால் மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

கூடை, கொட்டகை, லாரி

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். கொழுந்து பறிக்கிறவர் ஒரு கைப்பிடி பறித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஃபேக்டரிக்கு நடப்பதில்லை. முதுகில் தொங்கும் கூடையில் போடுகிறார். கூடை நிறைந்ததும் எடை போடும் கொட்டகைக்குப் போய்க் கொட்டுகிறார். அங்கே எல்லோருடைய இலையும் சாக்குகளில் சேர்கிறது. லாரி வரும்போது மொத்தமாக ஏற்றி ஃபேக்டரிக்கு அனுப்புகிறார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? இலையைச் செடியிலிருந்து கிள்ள அரை நொடி போதும். கொட்டகைக்கு நடந்து போய்த் திரும்பப் பல நிமிடம் ஆகும். கைப்பிடிக்கு ஒரு நடை என்று நடந்தால் நாள் முழுக்க நடைதான் மிஞ்சும், பறிக்க நேரம் இருக்காது. ஒரு நடைக்கு ஆகும் செலவு கூடையில் பத்து இலை இருந்தாலும் பத்து கிலோ இருந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே நடையைக் குறைப்பதே லாபம்.

இன்னும் மூன்று விஷயங்களை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வேலை முடியும் நேரத்தில் கூடை பாதிதான் நிறைந்திருந்தாலும் கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். பறித்தவர் சரிவில் வழுக்கி விழுந்து கூடை கவிழ்ந்தால் போவது கூடையில் இருந்த இலை மட்டும், கொட்டகையில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவது, "பறிச்சாச்சா?" என்று கேட்டால் "பறிச்சாச்சு" என்று பதில் வரும். அது உண்மைதான். ஆனால் அந்த இலை இப்போது கூடையில் இருக்கிறதா, கொட்டகையில் இருக்கிறதா, ஃபேக்டரிக்கே போய்விட்டதா என்பதை அந்த ஒரு சொல் சொல்லாது.

நிரலுக்குள் நடப்பது

இனி நிஜமான இயக்கத்துக்கு வருவோம். நம் நிரல் நேரடியாக வட்டிலோ (டிஸ்க்) திரையிலோ எழுத முடியாது. அந்தச் சாதனங்கள் எல்லாம் லினக்ஸ், விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. "இந்தத் தரவை இந்த ஃபைலில் எழுதிக்கொடு" என்று நிரல் இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் பெயர் சிஸ்டம் கால். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சிபியு நம் நிரலின் நிலையிலிருந்து இயங்குதளத்தின் நிலைக்கு மாறி, அனுமதி சரிபார்த்து, வேலையைச் செய்து, திரும்பி வர வேண்டும். ஒரு தடவைக்கு இது மிகச் சின்ன நேரம். ஆனால் நினைவகத்தில் ஒரு பைட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவதோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகம். பைட் என்பது கணினி தரவை அளக்கும் அடிப்படை அலகு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு எம்பி, அதாவது 10,48,576 பைட் எழுத வேண்டும். பைட் பைட்டாக இயங்குதளத்திடம் கொடுத்தால் 10,48,576 சிஸ்டம் கால். அதையே 4,096 பைட் சேர்ந்த பிறகு கொடுத்தால் வெறும் 256. இந்த வித்தியாசத்தை லினக்ஸில் எஸ்ட்ரேஸ் என்ற கருவியை வைத்து நீங்களே எண்ணிப் பார்க்கலாம். ஒரு நிரல் எத்தனை சிஸ்டம் கால் செய்தது என்று அது பட்டியல் போட்டுக் காட்டிவிடும்.

அப்படிச் சேர்த்து வைப்பதற்காக நினைவகத்தில் ஒதுக்கிய இடம்தான் பஃபர். வேகமான ஒரு பக்கத்துக்கும் மெதுவான ஒரு பக்கத்துக்கும் நடுவில் அது நிற்கிறது. சி மொழியில் பிரிண்ட்எஃப், பைத்தானில் பிரிண்ட் என்று எந்த வெளியீட்டுக் கட்டளையை எழுதினாலும், உங்கள் எழுத்துகள் முதலில் போய் விழுவது உங்கள் நிரலுக்குச் சொந்தமான இந்த இடத்தில்தான். அந்த மொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு, அதாவது நூலகமே, அதை அமைத்துத் தருகிறது, நீங்கள் கேட்க வேண்டியதில்லை. லினக்ஸில் சி நூலகம் ஃபைலுக்கு வழக்கமாக 4,096 பைட் ஒதுக்கும். ஜாவாவில் எழுத்துகளைச் சேர்த்து எழுத உதவும் பஃபர்டு ரைட்டர் சொல்லாமலே 8,192 எழுத்து அளவுக்கு வைத்துக்கொள்ளும்.

"அப்படியென்றால் பஃபரைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகுமா?" என்று கேட்பார்கள். போகாது. 65,536 பைட் பஃபர் வைத்தால் மேலே சொன்ன 256 சிஸ்டம் கால் 16 ஆகும். பத்து லட்சத்திலிருந்து 256க்கு இறங்கியது பெரிய லாபம். 256லிருந்து 16க்கு இறங்குவது பல நிரல்களில் கண்ணுக்கே தெரியாது. நினைவகம் மட்டும் கூடுதலாகப் போகும், கவிழ்ந்தால் இழப்பதும் கூடும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இயங்குதளத்திடம் ஒவ்வொரு முறை போவதற்கும் ஒரு செலவு உண்டு. அந்தப் பயணங்களைக் குறைக்க நிரல் தன் நினைவகத்தில் தரவைச் சேர்த்து வைக்கிறது. சேர்த்து வைக்கும் அந்த இடம் பஃபர்.

எப்போது காலியாகும்?

பஃபரில் இருப்பதை இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டுக் காலி செய்வதை ஃபிளஷ் என்பார்கள். அது எப்போது நடக்கும் என்பதில் மூன்று பழக்கங்கள் உண்டு.

ஒன்று, நிறைந்தால்தான் காலி செய்வது. ஃபைலுக்கு எழுதும்போது இதுதான் வழக்கம். இன்னொன்று, வரி முடிந்ததும் காலி செய்வது. சி நிரல் திரையில் எழுதும்போது இப்படித்தான் நடக்கும். மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரைக் காக்க வைக்கக் கூடாது. மூன்றாவது, சேர்க்கவே சேர்க்காமல் உடனுக்குடன் அனுப்புவது. சி மொழியில் பிழைச் செய்திகளுக்கென்று தனி வெளியீட்டு வழி ஒன்று உண்டு, அது இப்படித்தான் வேலை செய்யும். நிரலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற செய்தி பஃபரில் தங்கினால் யாருக்குப் பயன்?

சி நிரல் ஒழுங்காக முடியும்போதும், எந்த மொழியிலும் ஃபைலை முறையாக மூடும்போதும் மிச்சம் இருப்பது தானாகவே ஃபிளஷ் ஆகிவிடும். இந்த "ஒழுங்காக" என்ற சொல்லில்தான் பல மணி நேரத் தலைவலி ஒளிந்திருக்கிறது. ஜாவாவில் பஃபர்டு ரைட்டரைத் திறந்து, நாலு வரி எழுதி, மூட மறந்தால், நிரல் எந்தப் புகாரும் இல்லாமல் முடிந்துவிடும். ஃபைல் பூஜ்ஜியம் பைட்டில் உட்கார்ந்திருக்கும். மூடுவதை நிரலே பார்த்துக்கொள்ளும்படி எழுத ஜாவாவிலும் பைத்தானிலும் வழி இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே அந்த வழியில் எழுதிப் பழகிக்கொள்வது நல்லது.

ஒரே நிரல் திரைக்கு எழுதும்போது ஒரு மாதிரியும், ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் வேறு மாதிரியும் நடந்துகொள்வது இந்தப் பழக்கங்களால்தான். திரையில் சாதாரணச் செய்தியும் பிழைச் செய்தியும் வரிசையாக வரும். இரண்டையும் ஒரே ஃபைலுக்குத் திருப்பினால் பிழைச் செய்திகள் முந்திக்கொண்டு மேலே போய், சாதாரணச் செய்திகள் கும்பலாகக் கீழே வரும். சம்பவங்கள் நடந்த வரிசை மாறவில்லை. ஒரு கூட்டம் பஃபரில் காத்திருந்தது, இன்னொன்று காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

"இந்த வரி வரைக்கும் வரவே இல்லை"

பஃபரைப் புரிந்துகொள்ளாததால் வரும் தவறான முடிவுகளில் இதுதான் அதிகம் நேரத்தைத் தின்பது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு சி நிரல் நடுவில் செத்துவிடுகிறது. எங்கே சாகிறது என்று கண்டுபிடிக்க, அங்கங்கே "ஒன்று வந்தேன்", "இரண்டு வந்தேன்", "மூன்று வந்தேன்" என்று பிரிண்ட்எஃப் போடுகிறோம். வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டு ஓட்டுகிறோம். ஃபைலைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. "சரி, முதல் பிரிண்ட் வரைக்கும்கூட வரவில்லை. கோளாறு அதற்கும் முன்னால்" என்று முடிவு கட்டி, குற்றமே செய்யாத முதல் பத்து வரிகளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

நடந்தது வேறு. மூன்று செய்திகளும் பஃபருக்குள் போய்விட்டன. எல்லாம் சேர்த்தாலும் 4,096 பைட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் பஃபர் நிறையவில்லை, ஃபிளஷும் ஆகவில்லை. நிரல் அடிபட்டுச் செத்தபோது அதன் நினைவகத்தை இயங்குதளம் மொத்தமாகத் திரும்ப எடுத்துக்கொண்டது. பஃபர் அந்த நினைவகத்தின் ஒரு பகுதி, அதுவும் போய்விட்டது. கோளாறு மூன்றாவது செய்திக்கும் பிறகு எங்கோ இருக்கிறது.

திரையில் ஓட்டினாலும் இதன் சின்ன வடிவம் ஒன்று உண்டு. செய்தியின் கடைசியில் வரி முடிவுக் குறி போடாமல் விட்டால் அது பஃபரிலேயே தங்கும். "கணக்கிடுகிறேன்" என்று எழுதிவிட்டு நீண்ட கணக்கு ஒன்றைத் தொடங்கினால், கணக்கெல்லாம் முடிந்த பிறகுதான் "கணக்கிடுகிறேன்" என்று காட்டும்.

மருந்து சுலபம். சி மொழியில் ஒவ்வொரு சோதனைச் செய்திக்குப் பிறகும் எஃப்ஃபிளஷ் என்ற கட்டளையைக் கொடுங்கள், அல்லது சோதனைச் செய்திகளைப் பிழை வழியில் அனுப்புங்கள். பைத்தானில் பிரிண்ட் கட்டளைக்கே ஃபிளஷ் செய் என்று சொல்லும் வசதி இருக்கிறது. ஒரு செய்தி ஃபைலில் இல்லை என்பது, அந்த வரி ஓடவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. நிரல் கற்றுக்கொடுக்கிறவர்கள் இதை முதல் மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஓர் உறைபனி இரவு

இப்போது ஒரு நிரலைப் பைட் பைட்டாகப் பின்தொடர்வோம். உதகைக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். புல்வெளி வெளுத்துக் கிடக்கும், தேயிலைச் செடி கருகும். அங்கே ஒரு சின்ன லினக்ஸ் கணினியில் வெப்பநிலைக் கருவியைப் பொருத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி மொழியில் எழுதிய நிரல் நிமிடத்துக்கு ஒரு வரி ஃபைலில் எழுதுகிறது. தேதி, நேரம், வெப்பநிலை, ஈரப்பதம்:

2025-01-05 04:31,0.8,97

எண்ணிப் பாருங்கள். 23 குறிகள், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத வரி முடிவுக் குறி ஒன்று. ஆக வரிக்கு 24 பைட். எல்லா வரியும் இதே நீளம். பஃபர் 4,096 பைட். இரவு 10 மணிக்கு முதல் வரி.

நள்ளிரவு 12 மணிக்கு ஃபைலைப் பார்த்தால் அளவு பூஜ்ஜியம். நிரல் 121 வரி எழுதிவிட்டது, எல்லாம் பஃபரில் இருக்கிறது. 170 வரிகள் சேர்ந்ததும் 4,080 பைட் ஆகும். மிச்சம் 16 பைட் இடம். 12:50க்கு 171ஆவது வரி வருகிறது. அதில் முதல் 16 பைட் மட்டும் உள்ளே போகும், பஃபர் நிறையும், மொத்தமும் இயங்குதளத்துக்குப் போகும். அந்த நிமிடத்தில் ஃபைலின் கடைசி வரி இப்படி இருக்கும்:

2025-01-05 00:50

தேதியும் நேரமும் இருக்கிறது, வெப்பநிலை இல்லை. பார்க்கிறவர் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைப்பார். கருவிக்கு ஒன்றும் இல்லை. வரியின் மீதி 8 பைட் புதிதாகக் காலியான பஃபரில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறது. பஃபருக்கு வரி என்றால் என்ன என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது பைட் எண்ணிக்கை மட்டுமே.

அடுத்த தடவை 3:41க்கு நிறையும். அப்போது ஃபைல் 8,192 பைட், கடைசி வரியில் "2025-01-" என்பதோடு நிற்கும். பிறகு 6:15க்குக் கரண்ட் போகிறது. 3:41லிருந்து 6:15 வரை எடுத்த அளவுகள் எதுவும் ஃபைலில் இல்லை. சூரியன் எழுவதற்கு முந்தைய அந்த இரண்டரை மணி நேரம்தான் இரவிலேயே மிகக் குளிரான நேரம். கருவியை வைத்ததே அதற்காகத்தான்.

நிரலில் பிழை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எந்த ஆசிரியரும் அதற்கு முழு மதிப்பெண் போடுவார். பஃபரின் வழக்கமும் நம் தேவையும் பொருந்தவில்லை. நிமிடத்துக்கு 24 பைட் எழுதும் நிரலுக்கு, பயணங்களை மிச்சப்படுத்துவதால் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை. அங்கே வரிக்கு வரி ஃபிளஷ் செய்வதுதான் நியாயம். விநாடிக்கு ஆயிரக்கணக்கான வரி எழுதும் நிரலில் அதையே செய்தால் நிரல் தவழும்.

ஃபிளஷ் செய்தால் வட்டுக்குப் போய்விட்டதா?

இல்லை. இங்கேதான் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள்.

ஃபிளஷ் என்பது கூடையைக் கொட்டகையில் கொட்டுவது மட்டும்தான். இயங்குதளமும் தன் பங்குக்கு ஒரு சேமிப்பு வைத்திருக்கிறது. பல நிரல்களிடமிருந்து வருவதைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, வசதிப்படும்போது வட்டுக்கு அனுப்புகிறது. இதைப் பேஜ் கேஷ் என்பார்கள். வழக்கமான லினக்ஸ் அமைப்பில் ஒரு தரவு இப்படி அரை நிமிடம் வரைகூட நினைவகத்தில் காத்திருக்கலாம். வட்டுக்குள்ளும் சொந்தமாக ஒரு பஃபர் இருப்பதுண்டு.

ஆகவே இரண்டு விதமான விபத்துகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிரல் மட்டும் செத்தால், அதன் சொந்தப் பஃபரில் இருந்தது போகும். இயங்குதளத்திடம் ஒப்படைத்தது பத்திரம். கரண்டே போனால் இரண்டும் போகும். முதல் விபத்துக்கு எஃப்ஃபிளஷ் போதும். இரண்டாவதற்கு எஃப்சிங்க் என்று இன்னொரு கட்டளை வேண்டும். "வட்டில் எழுதி முடித்த பிறகு எனக்குப் பதில் சொல்" என்பது அதன் பொருள். வட்டு முடிக்கும் வரை நிரல் காத்திருக்கும், அதனால் மெதுவானது. வங்கிக் கணக்கு மாதிரியான தரவுகளைக் கையாளும் தரவுத்தளங்கள் இந்தக் காத்திருப்பைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொள்கின்றன.

பென் டிரைவைப் பறித்து எடுக்கும் முன் "பாதுகாப்பாக அகற்று" என்று கணினி கெஞ்சுவதும் இதற்காகத்தான். காப்பி முடிந்தது என்று திரை சொல்லும்போது, கொஞ்சம் இன்னும் கணினியின் நினைவகத்தில் இருக்கக்கூடும். அகற்று என்று சொன்னதும் மிச்சத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் கணினி அனுமதி தரும்.

நம் உறைபனி நிரலுக்கு என்ன செய்வது? நாளுக்கு 1,440 வரிகள், மொத்தம் 34,560 பைட். வரிக்கு வரி எஃப்ஃபிளஷும் எஃப்சிங்க்கும் செய்தால்கூடக் கணினிக்குப் பாரமில்லை. ஆனால் 24 பைட்டுக்காக, அங்கே வட்டாக இருக்கும் மெமரி கார்டு ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய பகுதியையே எழுத வேண்டியிருக்கும், கார்டு அதற்கேற்பத் தேயும். நானாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எஃப்ஃபிளஷும் அதை அடுத்து எஃப்சிங்க்கும் வைப்பேன். எவ்வளவு போனால் தாங்கும் என்று முதலில் கேட்டுக்கொண்டால் இடைவெளி தானாகத் தெரிந்துவிடும்.

சுருக்கமாக: நிரலின் பஃபர், இயங்குதளத்தின் சேமிப்பு, வட்டு என்று மூன்று படி. ஃபிளஷ் முதல் படியிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளும். எஃப்சிங்க் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு.

உள்ளே வரும் வழி

இதுவரை வெளியே போகும் தரவைப் பார்த்தோம். உள்ளே வருவதற்கும் பஃபர் உண்டு, திசை மட்டும் வேறு. நீங்கள் ஒரே ஒரு எழுத்தைக் கேட்டாலும் நூலகம் ஃபைலிலிருந்து ஒரு பெரிய துண்டையே வாங்கிப் பஃபரில் வைத்துக்கொள்ளும். அடுத்த எழுத்தைக் கேட்கும்போது இயங்குதளத்திடம் போகாது, கையிருப்பிலிருந்தே எடுத்துத் தரும்.

சில தரவுகள் நமக்காகக் காத்திருக்காது. உதகையை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் நிற்கிறது. 1970லிருந்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. விண்ணிலிருந்து வரும் அலையிடம் "ஒரு நிமிஷம் இரு, வட்டில் எழுதிவிட்டு வருகிறேன்" என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு பஃபர் வைப்பது வழக்கம். ஒன்று நிறைந்துகொண்டிருக்கும்போது மற்றதை எழுதி முடிப்பார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். இதற்கு இரட்டைப் பஃபர் என்று பெயர். நிறைகிற வேகத்தைவிடக் காலியாகும் வேகம் சராசரியில் குறைந்தால் எத்தனை பஃபர் வைத்தாலும் ஒரு நாள் வழியும். ஏற்ற இறக்கத்தைத்தான் பஃபர் தாங்கும். நிரந்தரமாகவே மெதுவான சாதனத்தை அதனால் வேகமாக்க முடியாது.

பைட்டும் தமிழ் எழுத்தும்

தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் இதைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே விளக்குவதால் இது விட்டுப்போகிறது. யூடிஎஃப்-8 என்பது எழுத்துகளைப் பைட்டாக்கும் முறை, இன்று இணையத்தில் பெரும்பாலும் இதுதான். அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறிகள். "உதகமண்டலம்" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 8 எழுத்து. கணினிக்கு 10 குறி, 30 பைட்.

இப்போது 4,096ஐ 3 ஆல் வகுங்கள். மிச்சம் 1. அதாவது இடைவெளியே இல்லாமல் தமிழ் மட்டும் இருக்கும் ஃபைலை 4,096 பைட் துண்டுகளாகப் படித்தால், முதல் துண்டின் கடைசியில் ஒரு குறியின் முதல் பைட் மட்டும் மாட்டிக்கொள்ளும், மற்ற இரண்டும் அடுத்த துண்டில் வரும். துண்டு துண்டாகவே எழுத்தாக மாற்றிக் காட்டும் நிரல் அங்கே கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ காட்டும். ஃபைல் முழுக்கச் சரியாக இருந்து, நடுவில் எங்கோ ஓரிடத்தில் மட்டும் எழுத்து உடைந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பஃபரின் விளிம்பை. மிஞ்சிய பைட்டை வைத்துக்கொண்டு அடுத்த துண்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பைத்தானில் ஃபைலை எழுத்து முறையில், யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் நூலகமே இதைப் பார்த்துக்கொள்ளும்.

கொள்ளளவு தாண்டினால்

பஃபருக்கு ஓர் அளவு உண்டு. சி மொழியில் அந்த அளவைக் காவல் காப்பது நிரல் எழுதுகிறவரின் பொறுப்பு. 512 பைட் பஃபரில் 600 பைட் ஊற்றினால் மிச்சம் 88 பைட் பக்கத்தில் இருக்கும் நினைவகத்தின் மேல் எழுதப்படும். அங்கே நிரலின் முக்கியமான குறிப்புகள் இருக்கலாம். இதைப் பஃபர் ஓவர்ஃபுளோ என்பார்கள். 1988 நவம்பரில் இணையத்தை ஸ்தம்பிக்க வைத்த, தானாகப் பரவும் நிரலான மோரிஸ் வார்ம் நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். ஃபிங்கர் என்ற சேவையில் ஒரு 512 பைட் பஃபர் இருந்தது. வரும் வரியின் நீளத்தைப் பார்க்காமலே வாங்கும் கெட்ஸ் என்ற கட்டளை அதை நிரப்பிக்கொண்டிருந்தது. 2011இல் வந்த சி தரநிலை கெட்ஸையே மொழியிலிருந்து நீக்கிவிட்டது.

அதற்குப் பதில் எஃப்கெட்ஸ் இருக்கிறது. அது பஃபரின் அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். 31 என்று சொன்னால் 30 பைட்டுக்கு மேல் எடுக்காது. கடைசி ஒரு இடம் சொல் முடிந்தது என்ற குறிக்கு. ஆக "உதகமண்டலம்" என்ற பெயர் சரியாக அடங்கும். அடங்காதது எங்கே போகும்? எங்கும் போகாது. உள்ளீட்டுப் பஃபரிலேயே இருக்கும். அடுத்த கேள்விக்குப் பதில் படிக்கப் போகும்போது அதுதான் முதலில் கையில் கிடைக்கும். இங்கே பெயருக்குப் பின்னால் தட்டிய என்டர் குறி மிஞ்சுகிறது. ஸ்கேன்எஃப் என்ற உள்ளீட்டுக் கட்டளையில் எண்ணைப் படித்துவிட்டு, அடுத்து ஒரு வரியைப் படித்தால் காலியாக வருவதற்கும் காரணம் இதே என்டர்தான்.

இதற்கு மருந்தாக உள்ளீட்டின் மேல் எஃப்ஃபிளஷ் போடச் சொல்லிப் பல கல்லூரி லேப்களில் பழக்குகிறார்கள். எஃப்ஃபிளஷ் வெளியே போகும் பஃபரைக் காலி செய்யத்தான். உள்ளே வரும் பஃபர்மேல் போட்டால் என்ன ஆகும் என்று சி தரநிலை வரையறுக்கவில்லை. ஒரு கணினியில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாமல் போகும். நிச்சயமான வழி ஒன்றுதான். வரி முடிவுக் குறி வரும் வரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துத் தள்ளிவிட்டு, பிறகு அடுத்த கேள்வியைக் கேட்பது. கோப்பு முடிவு வந்தாலும் நிற்கும்படி அந்தச் சுற்றை எழுதுங்கள், இல்லாவிட்டால் அது முடியவே முடியாது.